சீனாவில் நடனம் பட்டப்படிப்பான கதை



ஆடுவோரின் உடலிலே வாழ்ந்து, பார்த்துப் பழகிப் பரம்பரையாகத் தொடர்ந்து வந்த ஒரு கலை, பாடத்திட்டம், பரீட்சை, பட்டம் என்ற சட்டகத்துக்குள் வரும்போது எதைப் பெறுகின்றது? எதை இழக்கின்றது? செய்யுளைப் பரீட்சைக்குரிய பாடமாக்கி நாள்தோறும் கற்பிக்கும் எனக்கு இக்கேள்வி புதியதன்று. இன்று சீன நாட்டு நடனக் கல்வியை முன்வைத்து இதனைச் சிறிது சிந்திப்போம்.

பீஜிங் நடனப் பள்ளி 1954 இல் நிறுவப்பட்டது. அதன் முதல் அதிபர் தாய் ஐலியன் என்ற பெண்மணி. அவர் சீனாவிலே பிறந்தவரல்லர். 1916 இல் ட்ரினிடாட் தீவிலே சீன வம்சாவளிக் குடும்பமொன்றிற் பிறந்தார். இங்கிலாந்திலே பாலேயும் நவீன நடனமும் கற்றார். யுத்த காலத்திலே சீனா சென்றார். அப்போது சீன மொழியைச் சரளமாகப் பேசவும் அவருக்குத் தெரியாது. ஆயினும் எல்லைப்புற இனமக்களின் ஆடல்களைத் தேடிக் கற்று, 1946 இல் சொங்சிங் நகரிலே மேடையேற்றினார். அசைவுகளைத் தாளிலே குறித்துவைக்கும் லாபான் குறியீட்டு முறையைச் சீனாவில் அறிமுகஞ் செய்தவரும் அவரே.

இன்னொருவர் கொரிய நாட்டு நடனமணி சோ சுங்ஹீ. 1951 இல் பீஜிங்கிலுள்ள மத்திய நாடகக் கல்லூரியில் அவர் நடன வகுப்பு நடத்தினார். பீக்கிங் ஒபரா என வழங்கும் மரபுவழி இசை நாடகத்தின் நடிகர்களிடமிருந்து அசைவுகளைத் திரட்டி, வகுப்பறைப் பயிற்சிகளாக ஒழுங்குபடுத்தினார். பின்னர் சோவியத் ஆசிரியர்கள் வந்தனர். அவர்களுள் ஒருவரான குசேவின் நெறியாள்கையில் 1958 இல் 'அன்னத் தடாகம்' பாலே பீஜிங்கில் அரங்கேறியது.

ஆக, சீன நடனக் கல்வி பின்னாளிலே சர்வதேசமயமானது என்று கூறுவது பொருந்தாது. அது தோன்றும்போதே பல நாட்டார் கைபட்டுத்தான் தோன்றியது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. 'சீன சாஸ்திரிய நடனம்' என்று வகுக்கப்பட்டது, ஒபராவின் அசைவுகளைப் பாலே வகுப்பின் ஒழுங்கிலே வைத்துப் பயிற்றுவித்ததாகவே அமைந்தது. காலும் கையும் திருத்தமாயின; ஆனால் இது சீன உடல்தானா என்ற ஐயம் எழுந்தது. 1966 இல் தொடங்கிய கலாசாரப் புரட்சி அந்த விவாதத்தையும் பள்ளியின் ஒழுங்கான கற்பித்தலையும் குலைத்துப் போட்டது.

1978 இல் பள்ளி உயர்கல்வி நிறுவனமாகி, பீஜிங் நடனக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. 1980களில் லி செங்யி, தாங் மன்செங் ஆகிய ஆசிரியர்கள் பழைய வினாவுக்கு விடை தேடினர். மூச்சும் கண்ணும் கருத்தும் முந்த, உடல் பின்தொடர வேண்டும். நேர்கோட்டிலன்றி வளைந்தும் சாய்ந்தும் வட்டமாகவும் அசைய வேண்டும் என்பது அவர்கள் வகுத்த பயிற்சியின் சாரம். சுன் யிங் என்பாருக்கு இதுவும் போதவில்லை. ஒபராவுக்கு முந்திய காலத்துக்குச் செல்ல வேண்டுமென்று கருதி, ஹான் காலக் கல்லறைச் சிற்பங்களிலே ஆடலைத் தேடினார்.

வெளியுலகத் தொடர்பு மீண்டும் 1987 இல் தெற்கே துளிர்த்தது. குவாங்டொங் நடனப் பள்ளியின் அதிபர் யாங் மெய்ச்சி, அமெரிக்க நடன விழா அமைப்பினருடன் சேர்ந்து நவீன நடன வகுப்பைத் தொடக்கினார். அதன் வழியே 1992 இல் குவாங்டொங் நவீன நடனக் குழு உருவாயிற்று. அதன் தொடக்ககால உறுப்பினரான ஷென் வெய் பின்னர் நியூயோர்க் சென்று புகழ்பெற்றார். 2008 பீஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவில், விரிந்த ஓவியச் சுருளின்மீது நடனமணிகள் தம் உடலாலே கோடு வரைந்த காட்சியை அமைத்தவர் அவரே.

நம் பக்கத்துத் தொடர்பும் ஒன்றுண்டு. 1957 இல் பீஜிங் நடனப் பள்ளியிலே கீழைத்தேய நடன வகுப்பு தொடங்கப்பட்டது. அதிலிருந்து 1962 இல் கீழைத்தேய ஆடல்பாடற் குழு பிறந்தது. அக்குழுவைச் சேர்ந்த சாங் ஜுன் பரதநாட்டியம் பயின்று அதனைச் சீனாவிலே பரப்பினார். அவர் வழிவந்த ஜின் ஷான்ஷான் லீலா சாம்சனிடம் கற்று, 1999 இல் புதுடில்லியில் அரங்கேறினார். 2024 ஓகஸ்டில் ஜின் ஷான்ஷானின் மாணவி ஒருத்தி பீஜிங்கிலேயே அரங்கேற்றம் கண்டாள். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைக் கற்பிக்கும் ஒருவனுக்கு, அந்தச் சொல் பீஜிங் மேடையிலே வழங்குவது மகிழ்ச்சி தருவதே.

இனி என் கருத்து. பாடத்திட்டம் கலையைக் காப்பாற்றுகின்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் தெரிவு செய்யாமல் அதனால் காப்பாற்ற இயலாது. சீனாவிலே அங்கீகரிக்கப்பட்ட இனங்கள் 56. கல்லூரியின் நாட்டார் நடனப் பயிற்சியோ ஹான், திபெத்து, மொங்கோலிய, உய்குர், கொரிய ஆகிய 5 இனங்களின் ஆடல்களையே முதன்மையாகக் கொண்டு வளர்ந்தது. ஏனையவற்றுட் பல, கற்றுக்கொள்ள இளையோர் இருக்கும்வரை மட்டுமே ஊரிலே வாழும்.

பிறரிடம் கற்பதால் மரபு அழிந்துவிடும் என்ற அச்சம் நம்மிடையே அடிக்கடி கேட்கின்றது. சீனரின் அனுபவம் அவ்வாறு காட்டவில்லை. தமக்குரியது எதுவென்று அவர்கள் கூர்ந்து தேடத் தொடங்கியதே பிறரிடம் கற்றபின்னர்தான். நாம் அஞ்சவேண்டியது வேறொன்று. பாடத்திலே சேர்க்காமல் விட்டதைக் கலையே அன்று என்று அடுத்த தலைமுறை எண்ணிவிடுவதுதான் அது. பாடத்திட்டம் வகுக்கும் எவரும், எதைச் சேர்த்தோம் என்பதோடு எதை விட்டோம் என்பதையும் மாணவருக்குச் சொல்லிவைத்தல் வேண்டும்.