பெரிய நாவலும் எங்கள் பிள்ளைகளும்



நூற்றாண்டு விழாவிலே கல்லூரியின் பழங்கதைகளைச் சொல்ல என்னிலும் மூத்தவர்கள் இருக்கிறார்கள். நான் கடினமான நாவல்களைப் பிள்ளைகளோடு கூடியிருந்து வாசித்தவள். அவற்றுள் ஒன்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன். டோல்ஸ்டோயின் நாவல்; டி. எஸ். சொக்கலிங்கம் 'போரும் வாழ்வும்' என்று தமிழில் தந்தது.

பிள்ளைகள் பயப்படுவது அதன் தடிப்புக்கு அல்ல, பெயர்களுக்குத்தான். ஐந்நூறுக்கு மேற்பட்ட பாத்திரங்கள். அதிலும் நத்தாஷா என்பவளே நத்தாலியா இலியினிச்னா என்றும் வருவாள். இலியாவின் மகள் என்பதே அந்த இரண்டாம் பெயர். எங்கள் பெயருக்கு முன்னால் நிற்கும் தகப்பன் பெயரின் முதலெழுத்தும் அதே வேலையைத்தானே செய்கிறது? இடாப்பில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயரும் இல்லாத பிள்ளை இங்கே யார்? இதைச் சொன்னதும் பாதிப் பயம் போய்விடும். கதை 1805 இல் ஒரு விருந்தில் தொடங்குகிறது. யாருக்கு யார் என்ன முறை என்று தெரியாமல் கலியாண வீட்டில் நிற்பதுபோல முதல் ஐம்பது பக்கமும் நில்லுங்கள் என்பேன்.

கதைச்சுருக்கம் கொடுப்பதற்கு மட்டும் நான் சம்மதிப்பதில்லை. காரணம் சொல்கிறேன்.

1812 இல் நெப்போலியனின் படை மொஸ்கோவை நெருங்குகிறது. நத்தாஷாவின் குடும்பம் முப்பது வண்டிகளில் சாமான் ஏற்றுகிறது. பொரடினோவில் காயப்பட்ட வீரர்கள் வண்டியில் இடம் கேட்கிறார்கள். தகப்பன் இணங்க, தாய் மறுக்கிறாள். நத்தாஷா கொதித்தெழுந்து சாமான்களை இறக்கச் செய்கிறாள். 'நத்தாஷாவின் இரக்ககுணம்' என்று குறிப்புக் கொப்பியில் ஒரு வரியில் முடிந்துவிடும்.

2004 இல், பாடசாலை விட்ட பின் கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் இப்பகுதி வந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே பெயர்ந்தபோது அப்பிள்ளைகளுக்கு எட்டு, ஒன்பது வயது. அதிகம் பேசாத ஒருத்தி சொன்னாள்: "செம்மணியில ஒரு வயதுபோன ஆள் எங்கட லான்ட்மாஸ்ரரில ஏறக் கேட்டவர். அம்மா தையல் மெசினை இறக்க விடேல்லை, ரீச்சர்."

ஒருவரும் பேசவில்லை. சிறிது நேரத்தின் பின் இன்னொருத்தி தாய் பேசும் இடத்தைத் திரும்ப வாசித்தாள். வீடு கடனில் கிடக்கிறது. பிள்ளைகளுக்கென்று மிஞ்சியதையும் அழிக்கப் போகிறீர்களா என்று அவள் கணவனைக் கேட்கிறாள். கலியாணம் செய்துகொடுக்க ஒரு மகளும் இருக்கிறாள். இப்படியொரு தாயை எங்கள் ஊரில் யார் அறியார்? டோல்ஸ்டோய் அவளைக் கொடியவளாக்கவில்லை. முதல்நாள் பீங்கானையும் கம்பளங்களையும் அத்தனை கவனமாக அடுக்கியவள் அதே நத்தாஷாதான் என்பதையும் அவர் மறைக்கவில்லை. சுருக்கத்தில் முதலில் காணாமற் போவது அந்தத் தாய்தான். அன்று எங்களுக்கு வேண்டியிருந்ததும் அவளே.

நாவலை முடிக்க ஒன்றரை வருடம் சென்றது. பதினொரு பேரில் ஆறு பேர் முடித்தார்கள். கடைசியில் வரும் வரலாற்றுத் தத்துவப் பகுதியை முதல் வாசிப்பில் விட்டுவிடலாம் என்று நான் சொல்வதுண்டு. இலக்கிய நண்பர்கள் கோபித்தாலும் சொல்வேன். தையல் மெசின் கதை சொன்ன பிள்ளை அதையும் விடாமல் வாசித்தாள்.