பாட்டியின் மாத்திரைப் பை



இன்று செவிலியர்களாக வெளியே போகும் உங்களைப் போல நானும் ஒரு நர்ஸ்தான்; 34 ஆண்டுகள் வார்டில் வேலை பார்த்தவள். அங்கே ஓயாமல் காதில் விழுந்த ஒரு பேச்சு உண்டு: "வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்." நடை தள்ளாடினால் அது. பசி எடுக்கவில்லையா, அதற்கும் அதுதான். நானும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் அதே பேச்சு என் அம்மாவைத் தேடி வந்தது.

அம்மாவுக்கு அப்போது 79 வயது. திடீரென்று ஒருநாள் என்னை, இறந்துபோன என் சித்தியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சோற்றைப் பிசைவார், பிசைந்துகொண்டே இருப்பார், வாயில் வைக்க மாட்டார். நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து, "மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்பார். நாங்கள் மாட்டை விற்று இருபது வருஷம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். வயசுதான், மறதி வரும் என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு நர்ஸாக இருந்தும் நான் அதை நம்பினேன். நாலு நாள் நம்பினேன்.

ஐந்தாம் நாள் வேறோர் ஆஸ்பத்திரி. அங்கே பயிற்சிக்கு வந்திருந்த ஒரு மாணவி, உங்கள் வயதுதான் இருக்கும், கட்டில் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆயா, ராத்திரியில தண்ணி குடிப்பீங்களா?" என்று கேட்டாள். அம்மாவுக்கு அந்த நிமிஷம் நினைவு தெளிவாக இருந்திருக்க வேண்டும். "குடிச்சா எந்திரிக்கணுமே கண்ணு. இருட்டுல விழுந்துட்டா?" என்றார். எங்கள் வீட்டில் கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருந்தது. அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, "என்ன மாத்திரை போடுறாங்கம்மா?" என்றாள். அம்மா மாத்திரை வைத்திருந்த மஞ்சள் பையைக் கொட்டினோம். பி.பி.க்கு என்று கொடுத்திருந்த மாத்திரைகளில் ஒன்று நீர் பிரிய வைப்பது; நீரோடு உப்பும் போகும். ரத்தம் எடுத்துப் பார்த்தால் சோடியம் 118. குறைந்தது 135 இருக்க வேண்டிய இடத்தில் 118! மெல்ல மெல்லத்தான் ஏற்றினார்கள். அவசரப்பட்டு ஏற்றினால் மூளைக்கு ஆபத்து என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சில நாளில் அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, காபியில் சர்க்கரை பத்தவில்லை என்றார். நான் வராண்டாவில் போய் நின்று அழுதேன்.

முதியோருக்கென்று தனி மருத்துவம் வேண்டும் என்பதை இந்த நாட்டில் முதலில் செய்து காட்டியதே நம் சென்னைதான். 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கான புறநோயாளிப் பிரிவு தொடங்கியது. அதற்காகவே உழைத்தவர் டாக்டர் வி.எஸ். நடராஜன். 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அதற்கு எம்.டி. படிப்பும் வந்தது. 2024இல் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் திறந்தார்கள். எல்லாம் பெருமைதான். ஆனால் தமிழ்நாட்டில் 2011இல் நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள் என்றால், 2031இல் அது பதினெட்டாகும் என்பது அரசின் மதிப்பீடு. அவர்களில் கிண்டிக்கு வர முடியாத பாட்டிகள் எத்தனையோ பேர். அவர்களிடம் போய்ச் சேரப்போவது நீங்கள்.

உங்கள் தலைமுறைக்குப் பெற்றவர்கள்மேல் பாசம் இல்லை என்று மேடைதோறும் பேசுகிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். என் பாட்டி படுத்தபோது ஐந்து பிள்ளைகள், மூன்று மருமகள்கள், தெருவில் பாதி வீடு சொந்தக்காரர்கள். முறைவைத்துப் பார்த்தார்கள். அதுவும் பதினைந்து நாள்தான். இன்று தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு பிள்ளைகூட இல்லை. இருக்கும் ஒரு பிள்ளையும் பெங்களூரிலோ துபாயிலோ இருக்கும். அப்பாவுக்கு டயாலிசிஸ், அம்மாவுக்கு ஞாபகமறதி, அதுவும் வருஷக்கணக்கில். ஐந்து பேர் பதினைந்து நாள் சுமந்ததை ஒருவர் பத்து வருஷம் சுமக்கிறார். அவரைப் பார்த்துப் பாசம் இல்லை என்று சொல்ல எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? நோயாளியோடு வரும் அந்த மகனையோ மகளையோ, சாப்பிட்டீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அம்மா அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தார். கடைசியில் இதயம் தளர்ந்தது. "அவங்ககிட்ட எதையும் சொல்லிடாதே" என்று உறவினர் எல்லோரும் என்னைத் தடுத்தார்கள். நீங்களும் இதை வாரம் தவறாமல் கேட்பீர்கள். அம்மாவோ ஒருநாள் தலை வாரிக்கொண்டே, "எனக்கு இன்னும் எத்தனை நாளுடி?" என்று கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பித்தளைக் குடம் யாருக்கு, தோடு யாருக்கு என்று வரிசையாகச் சொன்னார். "குழாய் எதுவும் சொருகவிடாதே. இந்தக் கட்டில்லயே இருந்துட்டுப் போறேன்" என்றார். சொன்னபடியே ஒரு விடியற்காலையில் போனார். அந்தக் கேள்விக்கு நான் மழுப்பியிருந்தால், தெரிந்தும் தெரியாததுபோல் நடித்துக்கொண்டே போயிருப்பார்.

வலி தணிக்கும் சிகிச்சை வீட்டு வாசலுக்கே வரும் காலம் இது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் அதுவும் உண்டு. உங்களில் பலர் அந்த வேலைக்குப் போவீர்கள். போகும் வீட்டில் முதலில் கட்டிலிலிருந்து கழிப்பறைவரை நடந்து பாருங்கள். வழியில் விளக்கு இருக்கிறதா, தரை வழுக்குகிறதா என்று பாருங்கள்.

அதற்கு முன்னால், இன்று சாயங்காலம் பட்டத்தோடு வீட்டுக்குப் போனதும், பாட்டி காலில் விழுந்து ஆசி வாங்கிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து அவருடைய மாத்திரைப் பையைக் கேட்டு வாங்குங்கள். பாயில் கொட்டி ஒவ்வோர் அட்டையாகத் திருப்பிப் பாருங்கள். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இருக்கலாம். போன வருஷம் நிறுத்தச் சொன்னது இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். இதை எதற்குப் போடுகிறீர்கள், ராத்திரி தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேளுங்கள். அவர் பேச ஆரம்பித்தால் எழுந்துவிடாதீர்கள்.