விருந்தினர் கடன்

1926 மார்ச்சில் ஜவஹர்லால் நேரு, மனைவி கமலாவுடனும் எட்டு வயது மகள் இந்திராவுடனும் பம்பாயிலிருந்து வெனிஸ் துறைமுகத்திற்குக் கப்பலேறினார். ஐரோப்பா செல்லும் குடும்பங்களுக்கு அந்நகரம் அன்று ஒரு வாயில்.

நூற்றுக்கு மேற்பட்ட தீவுகள். அவற்றை இணைக்கும் பாலங்கள். சேற்றில் அறைந்த மரத்தூண்கள்மீது எழுந்த மாளிகைகள். உல்லாசக் கப்பல்கள் எழுப்பும் அலைகள் இவற்றைச் சிதைக்குமென அஞ்சி, 2021 ஆகஸ்டில் பெருங்கப்பல்கள் நகரின் நடுவே செல்வதை இத்தாலிய அரசு தடுத்தது. 2024 முதல், குறித்த சில நாட்களில், தங்காது பகலில் வந்து செல்வோரிடம் கட்டணமும் பெறலாயிற்று.

எங்கள் பொதட்டூர்பேட்டைக்கு அருகேயுள்ள திருத்தணியில் ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்தபின் தெருவைக் கூட்டுவோர் ஊராரே. வந்து செல்பவனுக்கு ஊர் ஒரு காட்சி. வாழ்பவனுக்கு அதுவே வீடு. விருந்தோம்பல் ஊராரின் கடமையெனில், அவ்வூரைக் கெடாமல் விட்டுச் செல்வது விருந்தினரின் கடமையன்றோ?