கவறும் கடனும்



கடன் என்னும் சொல் தமிழில் இருபொருள் தரும். செய்தே தீரவேண்டிய கடமையும் கடன். வாங்கியதைத் திருப்பித் தரவேண்டிய பொறுப்பும் கடன். முன்னோர் இவ்விரண்டனுக்கும் வேறு வேறு சொல் தேடினாரல்லர். சூதில் வீழ்ந்து எழ முயல்கின்ற ஒருவன் முதற்கண் உணரவேண்டுவது இதுவே. அவன் தீர்க்கவேண்டிய கடன் வட்டிக்காரனிடம் மட்டும் இல்லை. இல்லாளிடமும் மக்களிடமும் உள்ளது. எதை முன்னே தீர்ப்பது, எதைப் பின்னே தீர்ப்பது என்பதிலேதான் பலர் இடறி மீண்டும் குழியில் விழுகின்றனர்.

சூது தமிழர்க்குப் புதிதன்று. கவறு, வட்டு, வல்லு என்று அதற்குச் சொற்கள் பல இருந்தன. புறநானூற்றின் 43ஆம் பாட்டு எழுந்த நிகழ்ச்சியை எண்ணிப் பாருங்கள். உறையூரைத் தலைநகராகக் கொண்ட சோழர் குடியிலே பிறந்த மாவளத்தான், தாமப்பல் கண்ணனார் என்னும் புலவரோடு வட்டாடினான். புலவர் வட்டைக் கைக்கீழ் மறைத்தார். இளவரசன் வெகுண்டு வட்டினாலேயே அவரை எறிந்தான். நீ சோழன் மகன் அல்லை என்று புலவர் இடித்துரைத்தார். அவன் நாணித் தலைகுனிந்தான். ஒருவர் புலவர், மற்றவர் அரசர் மகன், இருவரும் நல்லோர். அவர்களுக்கிடையே மறைப்பையும் சினத்தையும் ஒரு பொழுதிற்குள் கொண்டுவந்தது ஆட்டம். ஆயினும் அங்கே நாணம் வந்தது, பிழை பொறுக்கப்பட்டது. இன்றைய சூதில் எதிரே அமர்ந்திருப்பவன் முகமே தெரியாது. யாரிடம் நாணுவது?

அரசே சூதை நடத்திய காலமும் உண்டு. 1967இல் கேரளமும் 1968இல் தமிழ்நாடும் பரிசுச் சீட்டைத் தொடங்கின. நல்ல திட்டங்களுக்குப் பணம் திரட்டுவதே நோக்கம் எனப்பட்டது. நோக்கம் எதுவாயினும், சீட்டு வாங்கியவன் கூலிக்காரன். காந்திச் சந்தையில் மூட்டை சுமந்தவனும், பொன்மலைப் பணிமனையில் இரும்போடு மல்லாடியவனும், திருவரங்கத்துத் தெருக்களில் பூக்கட்டிப் பிழைத்தவளும் அன்றாடக் கூலியில் ஒரு பங்கை அதற்கே ஈந்தனர். இடையில் நிறுத்தப்பட்டும் பின்னர் உயிர்பெற்றும் வந்த அச்சீட்டு, 2003ஆம் ஆண்டு சனவரியில் தமிழ்நாட்டில் முற்றாகத் தடுக்கப்பட்டது. தடை நன்று. ஆனால் கேரளச் சீட்டின் இறுதி எண்களை வைத்து மறைவில் நடக்கும் மூன்றெண் சூது ஒழிந்துவிடவில்லை. திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும் அதை விற்போர் அவ்வப்போது காவலர் கையில் சிக்குகின்றனர்.

அதற்கும் மேலாகக் கைப்பேசி வந்தது. சூதாடு களத்திற்குச் செல்லுகிறவன் அக்கம்பக்கம் பார்க்க வேண்டியிருந்தது. கைப்பேசியிலோ களமே படுக்கையறைக்கு வந்துவிட்டது. அதற்கு 'விளையாட்டு' என்று பெயரும் சூட்டினர்! ஓடியும் ஆடியும் உடல் வளர்த்த தமிழ்ப் பிள்ளைகளின் நற்சொல்லைக் கொண்டுபோய் நள்ளிரவுக் கவறாட்டத்திற்கு வைத்ததைப் போன்ற சொற்கொலை பிறிதில்லை.

தமிழ்நாட்டரசு 2021இல் இயற்றிய தடைச் சட்டத்தை உயர்முறைமன்றம் அவ்வாண்டே தள்ளுபடி செய்தது. பின்னர் சந்துரு தலைமையில் அமைந்த குழு 2022இல் அறிக்கை தந்தது. அவ்வாண்டு அக்டோபரில் சட்டமன்றம் நிறைவேற்றிய வரைவை ஆளுநர் 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் அதே திங்களில் மீண்டும் நிறைவேற்றியது. ஏப்பிரலில் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர்முறைமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியும், சில சீட்டாட்டங்களைத் திறனாட்டம் என்று விலக்கியது. இறுதியில் 2025 ஆகத்து 22ஆம் நாள் ஒப்புதல் பெற்ற இந்திய ஒன்றியச் சட்டம், பணம் வைத்தாடும் இணையவழி ஆட்டம் அனைத்தையும் தடுத்தது. திறனா, வாய்ப்பா என்னும் நெடும்பூசல் நடந்த அத்தனை ஆண்டுகளும் கடன் ஏறிக்கொண்டே இருந்தது என்பதைக் கடன்பட்டார் வீட்டுப் பெண்டிர் அறிவர். சட்டம் களத்தை மூடலாம். பட்ட கடனை மூடாது.

இனி, வட்டியைப் பாருங்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் காலக் கல்வெட்டுகள் உள்ளன. கோயில் முதலை ஊரார் கடனாகப் பெற்றுப் பொலிசை செலுத்திய செய்திகள் அவற்றில் உண்டு. பொலிசை என்பதே வட்டிக்கு அன்றிருந்த பெயர். ஒரு காசுக்கு ஓராண்டிற்கு அரைக்கால் காசு. அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. இன்று சந்தைகளில் வழங்கும் நாள்வட்டி எவ்வளவு? காலையில் 900 உருபா தருவான். மாலையில் 1,000 உருபா வாங்குவான். கணக்கிட்டால் நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேல். சோழன் காலத்தில் ஓராண்டிற்கு வாங்கியதில் ஏறத்தாழ முழுவதையும் இன்று ஒரே பகலில் வாங்கிவிடுகின்றனர்! தோற்ற பணத்தை இன்றே மீட்டுவிடுவேன் என்று நம்புகின்ற சூதாளன்தான் இந்த வட்டிக்குத் தயங்காமல் கைநீட்டுவான். மாலைக்குள் வென்றுவிடுவோம் என்பதன்றோ அவன் எண்ணம்?

இவ்வெண்ணம் வெறும் பேராசை அன்று, நோய். உலக நலவாழ்வு அமைப்பின் பதினோராம் நோய்ப் பட்டியல் 2022ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. கள்ளுக்கும் பிற போதைப் பொருள்களுக்கும் அடிமையாவதை வைத்த அதே பிரிவில் அப்பட்டியல் சூதுநோயையும் வைத்திருக்கிறது. வள்ளுவர் கள்ளுண்ணாமையை 93ஆம் அதிகாரமாகவும், சூதை 94ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைத்தாரே! அதற்கடுத்த அதிகாரம் மருந்து. வைப்புமுறைக்கு உரையாசிரியர்கள் கூறும் கரணியம் வேறாக இருக்கலாம். ஆயினும் கள், சூது, மருந்து என்ற வரிசையைக் காணும்போது நெஞ்சம் வியக்கிறது.

நோய் என்றால் மருந்து கடையில் இல்லை. திருச்சிராப்பள்ளி அரசு மருத்துவமனையின் உளநல மருத்துவரிடம் செல்லலாம். அம்மருத்துவமனையோடு இணைந்த கல்லூரி முத்தமிழ்க் காவலர் கி.ஆ.பெ. விசுவநாதம் பெயரைத் தாங்கி நிற்பது தமிழர்க்கு மகிழ்ச்சி. வெளியே செல்ல நாணுவோர்க்கு 14416 என்னும் அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 2022 முதல் உண்டு.

கடனுக்கு வருவோம். இங்கேதான் குடும்பத்தார் அன்பினால் ஒரு பெரும்பிழை செய்கின்றனர். செய்தி வெளிப்பட்டவுடன் தாய் தாலிக்கொடியைக் கழற்றுவாள். தமையன் நிலத்தை விற்பான். கடன் முழுவதையும் ஒரே நாளில் அடைத்து, இனி ஆடாதே என்று கையடித்து உறுதி வாங்குவர். விளைவு என்ன? கடன்காரர் அனைவரும் அவனை மீண்டும் நம்பத்தக்கவன் என்று கருதுவர். அவன் கை மீண்டும் நீளும். தோற்றாலும் யாரேனும் மீட்பர் என்று நோய் கற்றுக்கொள்ளும். அமெரிக்காவின் இலாசு ஏஞ்சலிசு நகரில் 1957ஆம் ஆண்டு சூதிலிருந்து மீள முயன்றோர் தமக்குள் கூடி ஒரு கழகம் தொடங்கினர். இன்று பல நாடுகளில் பரவியுள்ள அக்கழகத்தின் பட்டறிவும் இதுவே: மொத்தமாக மீட்காதே, கணவனும் மனைவியும் சேர்ந்தமர்ந்து எல்லாக் கடனையும் தாளில் எழுதுக, வீட்டுச் செலவை முதலில் ஒதுக்குக, எஞ்சியதைச் சிறிது சிறிதாகக் கடன்காரர்க்குப் பகிர்க, சூதாளன் தானே உழைத்துத் தானே தீர்க்கட்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பொன்மலைத் தொழிலாளி ஒருவர் திங்கள்தோறும் 24,000 உருபா பெறுகிறார் என்று கொள்க. அரிசி, வாடகை, பள்ளிக் கட்டணம், மின்கட்டணம் என 15,000 போக எஞ்சுவது 9,000. கூட்டுறவுக் கழகத்தில் ஒரு கடன், நகையின்மேல் ஒரு கடன், உறவினரிடம் கைமாற்று, கந்துவட்டிக்காரனிடம் நூற்றுக்குத் திங்களுக்குப் பத்து வீதம் 40,000. நாணத்தால் அவர் முதலில் கொடுக்க நினைப்பது மைத்துனனின் கைமாற்றைத்தான். முகத்தில் விழிக்க வேண்டுமே! ஆனால் கந்துவட்டிக்கு வட்டி மட்டும் 4,000. அதை மட்டும் கட்டிவந்தால் ஓராண்டில் 48,000 போய்விடும், முதல் 40,000 அசையாமல் நிற்கும். மாறாக, பிற கடன்களின் வட்டிக்கு 2,000 ஒதுக்கி, 7,000 உருபாவைக் கந்துவட்டிக்கே செலுத்தினால் ஒன்பதாம் திங்களில் அது தீரும். பத்தாம் திங்கள் முதல் அந்த 7,000 விடுதலை பெறும். மைத்துனனிடம் உண்மையைச் சொல்லி ஓராண்டு பொறுத்திருக்கக் கேட்பதே முறை. மறைத்த வாய் திறப்பது கடினந்தான். ஆனால் மறைவில்தான் நோய் வாழ்கிறது.

அந்த ஒன்பது திங்களும் சம்பளம் இல்லாளின் கணக்கிற்கே வரவேண்டும். கைப்பேசியில் பணம் செலுத்தும் வழிகளை அடைக்க வேண்டும். ஆண்மகனுக்கு இது இழிவன்றோ என்பார்க்கு ஒன்று: கால் முறிந்தவன் கோலூன்றுவதை எவரும் இழிவென்பதில்லை.

சட்டமும் துணை நிற்கும். மீட்டர் வட்டி, நாள்வட்டி, மணிவட்டி, கந்துவட்டி, தண்டல் ஆகியவற்றைத் தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மீறுவோர்க்கு மூன்றாண்டு வரை சிறையும் 30,000 உருபா வரை தண்டமும் உண்டு. கொடுக்கவேண்டிய பணத்தை முறைமன்றத்திலேயே கட்டவும் அச்சட்டம் வழி வைத்திருக்கிறது. கடன் தண்டுவோரின் வன்செயலைத் தடுக்க 2025இல் மற்றொரு சட்டமும் வந்துள்ளது. பந்தயத்தில் தோற்ற பணத்தை வழக்கிட்டு வாங்க இயலாது என்று 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 30ஆம் பிரிவு கூறும். ஆனால் ஆடுவதற்கென்று பக்கத்து வீட்டில் வாங்கிய கைமாற்றுக்கு அதைக் காட்டித் தப்ப முடியாது; முயல்வதும் அறமன்று.

மஞ்சள் கடிதம் கொடுத்துவிட்டால் எல்லாம் தீரும் என்று தேநீர்க் கடைகளில் அறிவுரை கிடைக்கும். 1920ஆம் ஆண்டின் நொடிப்புச் சட்டத்தைப் படித்தவர் அப்படிச் சொல்லார். சூதினால் நொடித்தவனுக்குக் கடன் விடுதலை தர மறுக்கவோ தள்ளிவைக்கவோ அச்சட்டத்தின் 42ஆம் பிரிவு இடந்தருகிறது. ஆகவே அவ்வழியில் இறங்குமுன் திருச்சிராப்பள்ளி முறைமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப்பணி ஆணையத்தை நாடுக. வருவாய் குறைந்தோர்க்கு அங்கே வழக்கறிஞர் துணை கட்டணமின்றிக் கிடைக்கும். பெண்களுக்கு வருவாய் வரம்பே இல்லை. கணவனின் கடனுக்காக வெற்றுத்தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டுக் கலங்கி நிற்கும் தாய்மார்கள் இதை மனத்திற் கொள்ளவேண்டும்.

கடைசியாக ஒரு சிறு செய்தி. ஒவ்வொரு முறை பணம் கட்டும்போதும் பற்றுச்சீட்டு வாங்குக. இறுதித் தவணையன்று எழுதிக்கொடுத்த பத்திரத்தையும் நிரப்பாத காசோலையையும் கையில் வாங்கிக்கொண்ட பின்பே படியிறங்குக.