உரியதைக் கொடுப்பதே உறவின் தொடக்கம்

(உலகப் பழங்குடியினர் நாளையொட்டி நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ஆகஸ்ட் 9ஆம் நாளை உலகப் பழங்குடியினர் நாளாக ஐக்கிய நாடுகள் சபை 1994இல் அறிவித்தது. பழங்குடியினர் என்றதும் நமக்கு நீலகிரியும் ஜவ்வாது மலையும்தான் நினைவுக்கு வரும். மலை இல்லாத நம் புதுச்சேரியிலும் பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் குடிசை போட்டு வாழும் இருளர்கள்தான் அவர்கள். இன்று அவர்களைப் பற்றியும், அவர்களுக்கும் நமக்கும் இருக்க வேண்டிய உறவைப் பற்றியும் பேச விரும்புகிறோம்.

வயலில் எலி பிடித்து நெல்லைக் காப்பவர்கள் இவர்கள். ஓடையில் கையாலேயே மீனும் இறாலும் பிடிப்பவர்கள். மூலிகை அறிந்தவர்கள். பாம்பு பிடிப்பதில் இவர்களுக்கு நிகர் இவர்களே. பாம்புத் தோல் வியாபாரத்தைச் சட்டம் தடை செய்தபோது அவர்கள் பிழைப்பு போனது. அதன்பின் 1978இல் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிலிருந்தும் விஷம் எடுத்து மருந்து நிறுவனங்களுக்குக் கொடுக்கிறார்கள். நாட்டில் விஷமுறிவு மருந்து தயாராவதற்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் போகிறது. பாம்பு கடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்து வந்தவர் நம் குடும்பத்தில் இருந்தால், அந்த உயிருக்குப் பின்னால் முகம் தெரியாத ஓர் இருளரின் கை இருந்திருக்கலாம். 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது.

இத்தனை இருந்தும் நம் புதுச்சேரியில் அவர்கள் நிலை என்ன? தமிழ்நாட்டில் இருளர்கள் நெடுங்காலமாகப் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். நம் ஊரின் எல்லை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். சில இடங்களில் ஒரு வாய்க்காலைத் தாண்டினால் தமிழ்நாடு. அந்தக் கரையில் இருப்பவர் பழங்குடி. இந்தக் கரையில் இருக்கும் அவருடைய சொந்தக்காரர் பழங்குடி இல்லை. 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. அதற்குப் பிறகு 54 ஆண்டுகள் கழித்து, 2016 டிசம்பரில்தான் குடியரசுத் தலைவரின் ஆணை வந்தது. அதிலும் வில்லி, வேட்டைக்காரன் பிரிவுகள் உள்ளிட்ட இருளர் மட்டுமே இடம்பெற்றார்கள். காட்டுநாயக்கர், மலைக்குறவர் போன்றோர் நெடுநாளாக அதே கோரிக்கையோடு நிற்கிறார்கள்.

ஒரு காகிதத்துக்கு என்ன மதிப்பு என்பதை நம்மைவிட யார் அறிவார்? நம் முன்னோர்கள் சைகோனுக்குக் கப்பலேறினார்கள். அங்கே கடை வைத்தார்கள், பள்ளிவாசல் கட்டினார்கள். அவர்கள் விட்டுச்சென்ற பிரெஞ்சுக் காகிதங்களை இன்றும் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்கும் குடும்பங்கள் நம் முல்லா வீதிப் பக்கம் உண்டு. ஒரு பிறப்புப் பதிவு மூன்று தலைமுறையின் வாழ்வை மாற்றியதைக் கண்ணால் கண்டவர்கள் நாம். இருளர் வீட்டுப் பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் அப்படிப்பட்ட காகிதம். ஆணை வந்துவிட்டதால் மட்டும் அது கைக்கு வந்துவிடாது. பிறப்புச் சான்று வேண்டும், இருப்பிடச் சான்று வேண்டும். புறம்போக்கில் குடியிருந்து வேலை தேடி ஊர் ஊராகப் போகிறவர் இவற்றை எங்கே சேர்த்து வைப்பார்?

அடுத்தது சந்தேகம். ஆங்கிலேயர் 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்து, பிறந்த குழந்தையையும் திருடன் என்று முத்திரை குத்தினார்கள். 1952இல் அந்தச் சட்டம் நாடு முழுவதும் ஒழிந்தது, மனத்திலிருந்து ஒழியவில்லை. ‘ஜெய் பீம்’ படம் பார்த்திருப்பீர்கள். படத்தில் இருளர் என்று காட்டினார்கள். அதற்கு ஆதாரமான சம்பவத்தில் உயிரிழந்த ராஜாகண்ணு குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். நம் பக்கத்துக் கடலூர் மாவட்டத்தில் முதனை கிராமத்தவர். 1993இல் திருட்டுச் சந்தேகத்தில் பிடித்துச் சென்றார்கள். காவலில் அடித்தே கொன்றார்கள். குற்றவாளிகளுக்கு உயர் நீதிமன்றம் தண்டனை கொடுக்க 2006 ஆனது. பெயரைச் சொன்னதும் வாடகைக்கு வீடு இல்லை என்ற பதிலைக் கேட்டுத் திரும்பியவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். பிறப்பைப் பார்த்துச் சந்தேகப்படுவது எத்தனை வலி என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு நபித்துவம் வருவதற்கு முன் மக்காவில் நடந்த ஒரு சம்பவம். யமன் நாட்டிலிருந்து ஒரு வியாபாரி சரக்கு கொண்டு வந்தார். மக்காவின் பெரிய மனிதர் ஒருவர் சரக்கை வாங்கிக்கொண்டு பணம் தர மறுத்தார். அந்த ஊரில் வியாபாரிக்காகப் பேசக் கோத்திரம் இல்லை. அப்போது அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் சிலர் கூடி, அநீதி இழைக்கப்பட்டவர் யாராக இருந்தாலும் அவர் பக்கம் நிற்போம் என்று உடன்படிக்கை செய்தார்கள். அதுதான் ஹில்ஃபுல் ஃபுளூல். இளைஞராக இருந்த நபி (ஸல்) அவர்கள் அதில் கலந்துகொண்டார்கள். இஸ்லாம் வந்த பிறகும் அப்படி ஓர் அழைப்பு வந்தால் ஏற்பேன் என்று சொன்னார்கள். கவனியுங்கள்: அந்த வியாபாரிக்கு அவர்கள் தர்மம் கொடுத்து அனுப்பவில்லை. அவருக்கு உரிய பணத்தை வாங்கிக் கொடுத்தார்கள்.

கடல் கடந்தும் ஓர் உதாரணம் சொல்லலாம். ஆஸ்திரேலியாவில் பழங்குடிக் குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்த கொடுமைக்காக 2008 பிப்ரவரி 13 அன்று அந்நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அதே நாட்டின் வடகரைக்கு, வெள்ளையர் குடியேறும் முன்பே, இந்தோனேசியாவின் மக்காஸரிலிருந்து முஸ்லிம் மாலுமிகள் கடலட்டை சேகரிக்கப் பாய்மரக் கப்பலில் ஆண்டுதோறும் போய்வந்தார்கள். நிலத்தைப் பிடிக்கவில்லை, பண்டத்துக்குப் பண்டம் கொடுத்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். அங்குள்ள யோல்ங்கு மக்கள் மொழியில் பணத்துக்கு இன்றும் ‘ருப்பியா’ என்றுதான் பெயர். நம் ரூபாயும் அதுவும் ஒரே சொல்தான். கொடுக்கல் வாங்கல் நேர்மையாக இருந்தால் அது உறவாக மாறும் என்பதற்கு அந்தச் சொல்லே சாட்சி.

ஆகவே, நாம் செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. ரமலானிலும் பக்ரீதிலும் அரிசியும் இறைச்சியும் கொடுக்கிறோம். அல்ஹம்துலில்லாஹ், அது தொடரட்டும். ஆனால் தர்மம் உரிமைக்கு ஈடாகாது.

வேலி வெட்டவோ தோட்டம் துப்புரவு செய்யவோ இருளர் வந்தால் கூலியை வேலைக்கு முன்பே பேசுங்கள், அன்றைக்கே கொடுங்கள். செங்கல் சூளையோ அரிசி ஆலையோ நடத்துகிறவர்களும் அங்கே பழகுகிறவர்களும் நம்மில் இருக்கலாம். முன்பணத்தைக் காட்டி ஒரு குடும்பத்தை வெளியே போகவிடாமல் வைத்திருப்பது, 1976இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அல்லாஹ்விடத்தில் அதைவிடப் பெரிய குற்றம்.

அவர்கள் பெயரைக் கேட்டு, அந்தப் பெயரால் அழையுங்கள். வயதில் பெரியவரை ‘அண்ணே’, ‘அக்கா’ என்று கூப்பிடுங்கள். வீட்டில் ஒரு பொருள் காணாமல் போனால் முதலில் அவர்கள் பக்கம் திரும்பாதீர்கள். நம் பிள்ளைகள் ஒருவரைத் திட்டும்போது ‘குறவன்’, ‘காட்டான்’ என்று சொன்னால், அந்த இடத்திலேயே திருத்துங்கள். அல்ஹுஜுராத் அத்தியாயம் ஏளனத்தையும் பட்டப்பெயரையும் தடுக்கிறது என்பதை மத்ரஸா பிள்ளைகளும் அறிவார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் இது பொருந்தும் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக, நமது அறக்கட்டளையில் உதவித்தொகைக்கும் ரேஷன் அட்டைக்கும் மனு எழுதிக் கொடுக்கும் சேவை இருளர் குடும்பங்களுக்கும் உரியது என்று அறிவிக்கிறோம். சான்றிதழுக்கு அலையும் குடும்பம் உங்கள் பக்கம் இருந்தால் அழைத்து வாருங்கள். அவர்கள் வருவதற்குத் தயங்கினால், மனு எழுதத் தெரிந்த நம் இளைஞர் இருவர் அவர்கள் இடத்துக்கே போகட்டும். அலுவலகத்துக்குப் போகும் நாளில் ஒருவர் கூடப் போகட்டும். அவர்களுக்காகப் பேச வேண்டாம். அவர்கள் பேசும்போது பக்கத்தில் நின்றால் போதும்.

யாருடைய உரிமைக்கும் நம்மால் குறை வராமல் அல்லாஹ் காப்பானாக. பலவீனர் பக்கம் நிற்கும் துணிவை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.