பழைய மின்னஞ்சல்களைப் பேணுவது வீண் சிரமமா?



பழைய மின்னஞ்சல்களைத் தனியே ஒரு வன்தட்டில் பிரதி எடுத்து, வேண்டும்போது தேடி எடுக்கும்படி வைத்துக்கொள்வது அவசியமான வழக்கமே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன்னர் பேசிய எதிரணி நண்பர், பெரிய பெரிய கட்டடங்களில் கணினிகளை அடுக்கி வைத்து இரவு பகலாக நம் கடிதங்களைக் காத்து நிற்கும் நிறுவனங்கள் இருக்கையில், நாம் ஏன் ஒரு வன்தட்டை விலைகொடுத்து வாங்கி அலமாரியில் பூட்டி வைக்க வேண்டும் என்று கேட்டார். அதற்கு அந்த நிறுவனங்களின் சொந்த அனுபவமே விடை சொல்லும். 2011-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதக் கடைசியில், சேமிப்பு மென்பொருளைப் புதுப்பித்தபோது நேர்ந்த பிழையினால், ஜிமெயில் கணக்குடையோர் பல்லாயிரம் பேர் தங்கள் அஞ்சல் பெட்டியைத் திறந்து, அதில் ஒரு கடிதமும் இல்லாததைக் கண்டு திகைத்தார்கள். பல இடங்களில் வைத்திருந்த பிரதிகளையும் அந்தப் பிழை பாதித்துவிட்டபடியால், கூகுள் நிறுவனம் இணையத் தொடர்பின்றித் தனியே பாதுகாத்து வந்த காந்த நாடாக்களிலிருந்தே அவற்றை மீட்டுக்கொடுத்தது. தொடர்பறுந்த தனிப் பிரதியை அந்த நிறுவனமே அவசியமென்று கருதி வைத்திருக்கும்போது, நமக்கு மட்டும் அது அநாவசியமாகுமா?

கூகுளிடம் நமக்குள்ள உரிமையும் நிபந்தனைக்குட்பட்டதே. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடத்தைக் கடிதங்களும் புகைப்படங்களும் கோப்புகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அது நிரம்பிவிட்டால் புதிய கடிதம் வராது. வராதபோது, பதற்றத்தில் ஆயிரக்கணக்கான பழைய கடிதங்களை வாசித்தும் பாராமல் நாமே அழித்துவிடுகிறோம். இரண்டாண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கும் விதி வேறு 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்திருக்கிறது. தந்தையார் காலமான துக்கத்தில் அவருடைய கணக்கைத் திறக்க மனமில்லாமல் விட்டுவிட்ட பிள்ளைகள், மூன்றாம் வருஷத்தில் மனம் தேறி அதைத் தேடினால், அங்கே என்ன இருக்கும்?

“பழங்கடிதங்களால் யாருக்குப் பிரயோஜனம்?” என்று நண்பர் கேட்ட கேள்விதான் என் மனத்தை அதிகமாக வருத்தியது. இந்த மாடம்பாக்கத்தில், தூங்கானை மாட விமானத்தோடு நிற்கும் தேனுபுரீசுவரர் ஆலயத்தின் சுவர்களில் சோழர் காலச் சாசனங்கள் இருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். அன்றைய கிராமத்தார்க்கு அவை நித்திய வியவகாரத்தைப் பற்றிய குறிப்புகள். இன்றோ அவையே சரித்திரம். ஆனால் கல் அழியாமல் நின்றது மட்டும் போதவில்லை. 1890-இல் கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியைப் பதிப்பித்த காலந்தொட்டு, அறிஞர்கள் ஊர் ஊராகச் சென்று படியெடுத்து, வாசித்து, அரசன் பெயர், ஆட்சியாண்டு, ஊர்ப்பெயர் என்று அட்டவணைப்படுத்தி வைத்தபடியால் அல்லவோ, எங்கோ ஒரு நூலகத்தில் அமர்ந்திருப்பவரும் தமக்கு வேண்டிய சாசனத்தைக் கண்டெடுக்க முடிகிறது?

தமிழுக்கே நேர்ந்த ஒரு நஷ்டத்தையும் சொல்ல வேண்டும். 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்துவந்த முனைவர் கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், தேசந்தோறும் சிதறியிருந்த தமிழன்பர்கள் பழைய நூல்களைத் தட்டச்சிட்டுப் பிழை திருத்தி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டது மின்னஞ்சல் வாயிலாகத்தான். அதனையடுத்த ஆண்டுகளில் அகத்தியர், மரத்தடி, ராயர் காபி கிளப் முதலிய யாகூ குழுமங்களில் இலக்கியத்தையும் இலக்கணத்தையும் குறித்து நிகழ்ந்த சம்பாஷணைகள் ஏராளம். யாகூ நிறுவனம் 2019-இல் அறிவிப்புக் கொடுத்து, பழைய மடல்களை நீக்கி, 2020 டிசம்பர் 15-ஆம் தேதி குழுமங்களை அடியோடு மூடிவிட்டது. தமக்கு வந்த மடல்களைச் சொந்தக் கணினியில் இறக்கி வைத்திருந்தவர்கள் வீட்டில் அவை இன்றும் இருக்கும். மற்றவர்களுக்கு ஞாபகம்தான் மிச்சம்.

இருந்தும் எல்லாம் கைக்கு எட்டுமா என்றால், அதுவும் இல்லை. அக்காலத்து மடல்கள் பல, யூனிகோடு பரவுவதற்கு முன்னர் வழங்கிய திஸ்கி என்னும் குறியீட்டில் எழுதப்பட்டவை. இன்றைய கணினியில் திறந்தால் மேலே கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகவே கண்ணுக்குத் தெரியும். திஸ்கியில் ‘கொ’ என்பது பார்வைக்குத் தோன்றுகிற வரிசைப்படியே கொம்பு, ககரம், கால் என்று பதிவாகும். யூனிகோடிலோ மெய் முன்னும் உயிர்க்குறி பின்னுமாக நிற்கும். ஆகையால் ‘கொற்றவை’ என்று தேடினால், அந்தச் சொல் நூறு மடல்களில் இருந்தாலும் ஒன்றுகூட அகப்படாது. ஒருமுறை குறியீட்டை மாற்றி வைத்துவிட்டாலோ, கால் நூற்றாண்டுக்கு முந்தைய வாதமும் ஒரு கணத்தில் வந்து நிற்கும். இறக்கி வைப்பதோடு நின்றுவிடாமல் தேடுவதற்கும் வகை செய்ய வேண்டும் என்று எங்கள் அணி இத்தனை பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

வேலையும் மலைக்கத்தக்கதன்று. கூகுளின் டேக்அவுட் வசதியில் கேட்டால், கடிதங்கள் அனைத்தும் எம்பாக்ஸ் என்னும் பொது அமைப்பில் ஒரே கோப்பாக வந்து சேரும்; அதை வன்தட்டில் வைத்து, தண்டர்பேர்டு என்ற இலவச மென்பொருளில் இறக்கிக்கொண்டால், அதுவே சொல்லடைவு தயாரித்துத் தேடித் தரும். கோப்பை நோட்பேடில் திறந்து தேடிக்கொள்ளலாமே என்று எண்ணிவிடாதீர்கள். அனுப்பியவர் முகவரியும் தேதியும் அதில் தெளிவாகவே தெரியும். தமிழில் எழுதிய வாசகமோ பெரும்பாலும் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகளின் நீண்ட சரமாகவே கிடக்கும். அதை அவிழ்த்துப் படிக்க அஞ்சல் மென்பொருள் வேண்டும்.

சேலையூரிலும் மாடம்பாக்கத்திலும் அடுக்ககம் வாங்கிக் குடியேறிய குடும்பங்கள் இங்கே நிரம்ப இருக்கின்றன. வரைபடம் மாறியது ஏன், வாகன நிறுத்துமிடம் யாருக்கு என்று பல வருஷங்களுக்குப் பின் தகராறு எழும்போது, கட்டுநர் அன்று தாமே எழுதிய மின்னஞ்சலைக் காட்டிலும் வலுவான ஆதாரம் எது? 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவை உரிய சான்றிதழோடு சாட்சியமாக ஏற்கிறது. கடிதத்தின் தலைப்புக் குறிப்புகள் சிதையாத முழுப் பிரதி கையில் இருந்தால், வழக்கறிஞரின் வேலை எளிதாகும்.

வன்தட்டும் பழுதாகுமே என்கிறார் நண்பர். ஆகும், மறுக்கவில்லை. 2015 டிசம்பரில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செண்டிமீட்டர் மழை கொட்டி, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததே, அங்கே கீழ்த்தளத்து அலமாரியில் வைத்த எதுவும் தப்பியிருக்காது. அதனால்தான் பிரதி இரண்டாக இருக்க வேண்டும், இரண்டும் ஒரே வீட்டில் இருக்கலாகாது, வருஷத்துக்கு ஒருமுறையாவது இணைத்துப் பார்த்து, ஒரு பழைய பெயரைத் தேடிச் சோதிக்க வேண்டும் என்கிறோம். நிறுவனத்திடம் உள்ள பிரதியைக் கைவிடும்படி நாங்கள் கோரவில்லை. அதை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம் என்கிறோம். அந்தரங்கக் கடிதம் அடுத்தவர் கைக்குப் போகுமே என்ற கவலைக்கும் கடவுச்சொல் இட்டுப் பூட்டிவைக்கும் வழி இருக்கிறது.

ஆகவே நடுவர் அவர்கள் எங்கள் அணிக்கே தீர்ப்பு வழங்க வேண்டுமென்று விண்ணப்பித்துக்கொள்கிறேன். சபையோருக்கும் ஒரு வேண்டுகோள்: வீட்டில் மூத்தவர் ஒருவருக்கு ரீடிஃப்மெயிலிலோ யாகூவிலோ பழைய கணக்கு இருந்தால், அவர் கடவுச்சொல்லை இன்னமும் நினைவில் வைத்திருக்கும்போதே, அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மடல்களை இறக்கி வையுங்கள்.