எபிசோடு உரை: பழைய போனில் ஏஆர் பாடம் நடக்குமா?

நிறைய பேர் கேட்ட கேள்வி இது: தூரத்தில் இருந்து பாடம் நடத்த ஏஆர் உண்மையிலேயே உதவுமா, இல்ல சும்மா பந்தாவா?

முதல்ல ஒரு நிஜ உதாரணம். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் இருக்கு. 2020-ல் கொரோனாவால் வகுப்புகள் நின்றபோது, அங்கே முதலாண்டு மருத்துவ மாணவர்கள் வீட்டில் இருந்தபடியே ஹோலோலென்ஸ் கண்ணாடி போட்டு உடற்கூறியல் படிச்சாங்க. அருமையான விஷயம்தான். ஆனா ஹோலோலென்ஸ் 2 வந்தப்போ விலை 3,500 டாலர். நம்ம மாணவர்கள் கையில் இருப்பது அண்ணனோ அக்காவோ பயன்படுத்திவிட்டுக் கொடுத்த போன். அதில் ஜைரோஸ்கோப் இல்லைன்னா, கூகுளின் ஏஆர்கோர் வேலை செய்யாது.

இதுக்குப் பழைய வழி ஒண்ணு இருக்கு: மார்க்கர். கறுப்புக் கட்டம் அச்சடித்த ஒரு தாள், அவ்வளவுதான். கட்டத்தின் நான்கு மூலைகளும் கேமராவில் எங்கே விழுதுன்னு பார்த்து, தாள் எந்தக் கோணத்தில் இருக்குன்னு மென்பொருள் கணக்கு போடும். கேமரா மட்டும் போதும். ஏஆர்.ஜேஎஸ் மாதிரி இலவச நிரல்களை வெச்சா பிரவுசரிலேயே ஓடும். தனியா ஆப் வேண்டாம்.

இப்போ இன்ஜினியரிங் கிராபிக்ஸ் எடுத்துக்குங்க. மினி டிராஃப்டரோடு போராடின எல்லாருக்கும் தெரியும், கோடு போடுறது கஷ்டமில்லை. அச்சு 30 டிகிரி சாய்ந்த அறுகோணப் பட்டகத்தை மனசுக்குள்ளே திருப்பிப் பார்க்கிறதுதான் கஷ்டம். மேஜையில் ஒரு மார்க்கர், அதுக்குப் பின்னால் செங்குத்தா இன்னொண்ணு வைங்க. முதல் தாள் கிடைத்தளம், ரெண்டாவது செங்குத்துத் தளம். போனை மேலே பிடிச்சா டாப் வியூ, முன்னாடி கொண்டுவந்தா ஃப்ரண்ட் வியூ. வீடியோவில் ஆசிரியர் திருப்புவார், நாம வேடிக்கை பார்ப்போம். இங்கே மாணவரே திருப்பணும். பட்டகத்தின் கோப்பும் சில கிலோபைட்தான், சிக்னல் மோசமா இருந்தாலும் இறங்கிடும்.

ஒரு நிபந்தனை: முதல்ல வரையச் சொல்லுங்க, அப்புறம் போனில் சரிபார்க்கட்டும். வரிசை மாறினா அது பொம்மை ஆயிடும்.

எல்லாத்துக்கும் இது சரிவராது. சால்டரிங், வெர்னியர் அளவெடுப்பு எல்லாம் கை பழகணும். அந்த லேபுக்கு ஏஆர் மாற்று இல்லை. வடிவம் புரியாத இடத்தில் மட்டும் இதைப் பயன்படுத்துங்க.

கேட்கிற ஆசிரியர்களே, உங்க மாணவர்கள் அதிகம் திணறுற ஒரே ஒரு கணக்கைத் தேர்ந்தெடுத்து எழுதி அனுப்புங்க. அதுக்கான மாடலைச் செஞ்சு, நிரலோடு இலவசமா தர்றேன். அடுத்த எபிசோடில் பார்ப்போம்!